‘மனித’ என்னும் அடைமொழி: நுரை வைரஸ் ஆய்வின் எழுபது ஆண்டுகள்

நீண்ட பதிவு. உயிரியல் மாணவர்களும் மொழியியல் மாணவர்களும் சேர்ந்து படிக்கத்தக்க பொருள் என்பதால் பகுதி பகுதியாகப் பிரிக்காமல் ஒரே பதிவாக இடுகிறேன்.

1971ஆம் ஆண்டு ஒரு வைரஸ் மனிதரின் கணக்கில் எழுதப்பட்டது. 1994ஆம் ஆண்டு அது சிம்பன்சிக் குரங்கின் வைரஸ் என்பது மரபணு வரிசையால் புலப்பட்டது. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் அந்த வைரஸுக்குப் பொருத்தமான ஒரு மனித நோயைத் தேடிப் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் உழைத்தன. தைராய்டு நோய்கள், நரம்பு நோய்கள், தசை நோய்கள் எனப் பட்டியல் நீண்டது. அவற்றுள் ஒன்றுகூட நிலைபெறவில்லை.

அந்தத் தேடலுக்கு ஆய்வுமுறைக் குறைகள் ஒரு காரணம். மற்றொரு காரணம் பெயர் என்பது என் கருத்து. ‘மனித நுரை வைரஸ்’ என்னும் தொகைச்சொல்லில் மறைந்து நிற்கும் வேற்றுமை உருபு எது என்ற கேள்வி உரிய காலத்தில் போதிய அழுத்தத்துடன் கேட்கப்படவில்லை. அதே கேள்வி இப்போது நம் கோயில் வாசல்களுக்கும் வந்திருக்கிறது. ஆகவே இவ்வரலாற்றை முதலிலிருந்து சொல்வது தேவையாகிறது.

1. நுரை எங்கே தோன்றியது

போலியோ வைரஸை நரம்புத் திசு அல்லாத திசுக்களில் வளர்க்க முடியும் என்பதை 1949இல் பாஸ்டன் நகரில் ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், ஃபிரெடெரிக் ராபின்ஸ் ஆகிய மூவரும் காட்டினர். இதற்காக 1954இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கண்டுபிடிப்பின் பயனாக வைரஸ் ஆய்வின் களம் விலங்கின் உடலிலிருந்து கண்ணாடிக் குழாய்க்கு மாறியது. செல்கள் கண்ணாடியின் மேல் ஒரு படலமாக வளரும். அதில் வைரஸ் சேர்ந்தால் செல்கள் சிதையும். அச்சிதைவை நுண்ணோக்கியில் நேரடியாகக் காணலாம். அத்தகைய செல்களை ஏராளமாகத் தரும் மூலமாகக் குரங்கின் சிறுநீரகம் விரைவில் நிலைபெற்றது.

1954இல் எண்டர்ஸும் தாமஸ் பீபிள்ஸும் தட்டம்மை வைரஸை வளர்த்தெடுத்தனர். தட்டம்மை வைரஸ் பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்களாக்கும். அவர்கள் ஆய்வில் ஒரு சிக்கல் எழுந்தது. தட்டம்மை நோயாளியின் மாதிரி எதுவும் இடப்படாத குரங்குச் சிறுநீரகச் செல்களிலும் அதே போன்ற பெருஞ்செல்கள் தோன்றின. மறு ஆண்டு, 1955இல், ரஸ்டிஜியன் குழுவினர் இந்தச் சிதைவை ஒரு குழாயிலிருந்து மற்றொரு குழாய்க்குக் கடத்திக் காட்டி, இதற்குக் காரணம் குரங்கின் செல்லுக்குள்ளேயே ஒளிந்திருந்த வைரஸ் போன்ற ஒரு பொருள் என்பதை நிறுவினர்.

சிதைந்த செல்களுக்குள் எண்ணற்ற வெற்றுக்குமிழிகள் நிறைந்திருந்தன. நுண்ணோக்கியில் அக்காட்சி சவர்க்கார நுரை போலிருந்தது. அதனால் ‘நுரை வைரஸ்’ என்ற பெயர் ஏற்பட்டது. பின்னாளில் வகைப்பாட்டியலார் நுரையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய ‘ஸ்பூமா’வைக் கொண்டு ‘ஸ்பூமா வைரஸ்’ என்றனர். தமிழில் ‘நுரை’, மலையாளத்தில் ‘நுர’ அல்லது ‘பத’. எந்த மொழியில் சொன்னாலும் இது ஒரு கண்ணாடிக் குழாயின் காட்சியைக் குறிக்கும் பெயர்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் போன்றவை நோயாளியின் உடலில் கண்ட அறிகுறியால் பெயர் பெற்றவை. கியாசனூர் காட்டு நோய் 1957இல் கர்நாடகத்தில் அது கண்டறியப்பட்ட காட்டின் பெயரைத் தாங்குகிறது. நிபா மலேசியாவின் ஒரு கிராமத்தின் பெயரைத் தாங்குகிறது. நுரை வைரஸின் பெயரில் நோயாளியும் இல்லை, ஊரும் இல்லை. குரங்குகளின் உடலிலோ எவ்வித நோயும் காணப்படவில்லை. நோயின்றிப் பெயர் பெற்ற வைரஸ் இது. அந்த வெற்றிடத்தைப் பின்னர் வேறொரு சொல் நிரப்பிற்று.

2. இந்தியக் குரங்குகளின் பங்கு

இந்த வரலாற்றின் முதற்பகுதியில் இந்தியாவுக்கு நேரடித் தொடர்புண்டு. அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களுக்கு அந்நாளில் சென்ற ரீசஸ் குரங்குகள் பெரும்பாலும் வட இந்தியாவில் பிடிக்கப்பட்டவை. ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி பயன் தருகிறது என 1955 ஏப்ரல் 12 அன்று அறிவிக்கப்பட்ட பின் தேவை பெருகியது. 1950களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. பயணத்தில் குரங்குகள் கூட்டமாக மடிந்த செய்தி வந்ததும் 1955இல் இந்திய அரசு ஏற்றுமதியைச் சில காலம் நிறுத்தியது. பின்னர் மருத்துவ ஆய்வுக்கும் தடுப்பூசித் தயாரிப்புக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்னும் நிபந்தனையுடன் அனுமதித்தது. இராணுவ நோக்குடைய கதிர்வீச்சுச் சோதனைகளிலும் இக்குரங்குகள் பயன்படுத்தப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தபின், மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரல் 1 முதல் ஏற்றுமதியை முற்றாகத் தடை செய்தது.

காட்டிலும் ஊர்ப்புறத்திலும் பிடிக்கப்பட்ட குரங்குகள் கூண்டுகளில் நெருக்கி அடைக்கப்பட்டன. அவை ஒன்றையொன்று கடித்தன. நுரை வைரஸ் உமிழ்நீரில் இருப்பது. கடி அதன் முதன்மையான வழி. ஆகவே கூண்டுகளில் தொற்று பரவியதில் வியப்பில்லை. தடுப்பூசிக் கூடங்களில் நுரைத்துப்போன செல் வளர்ப்புகள் வீணாகக் கொட்டப்பட்டன. நுரை வைரஸ் அக்காலத்தில் ஆய்வுக்குரிய பொருளாக மதிக்கப்படவில்லை. வேலையைக் கெடுக்கும் மாசாகவே எண்ணப்பட்டது.

அதே குரங்குச் செல்களில் 1960இல் எஸ்.வி. 40 என்ற மற்றொரு வைரஸ் கண்டறியப்பட்டது. அது ஏற்கெனவே கோடிக்கணக்கானோருக்குச் செலுத்தப்பட்ட போலியோ தடுப்பூசியில் கலந்திருந்தது என்ற செய்தி, குரங்கின் செல்லில் மறைந்திருக்கும் வைரஸ்கள் குறித்த கவலையை ஆழமாக்கியது. அதற்கும் முன்னர், 1932இல், வில்லியம் பிரெப்னர் என்னும் இளம் மருத்துவர் ரீசஸ் குரங்கு கடித்து நரம்புத் தொற்றால் இறந்திருந்தார். அதற்குக் காரணமான ‘பி வைரஸ்’ குரங்குகளிடம் சிறு புண்ணை மட்டுமே உண்டாக்குவது. ஆகவே ‘குரங்குக்குத் தீங்கில்லை’ என்பதிலிருந்து ‘மனிதருக்கும் தீங்கில்லை’ என்று முடிவு கட்ட எவரும் துணியவில்லை. இந்த அச்சம் நியாயமானது. அடுத்த கட்டத்தை விளங்கிக்கொள்ள இப்பின்னணி அவசியம்.

3. நைரோபியிலிருந்து பிரிஸ்டலுக்கு

எப்ஸ்டைன்–பார் வைரஸை 1964இல் கண்டவர்களுள் மூவர் அந்தோணி எப்ஸ்டைன், பெர்ட் அசோங், இவோன் பார். எப்ஸ்டைனும் அசோங்கும் பின்னர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினர். கென்யாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் மூக்குத்தொண்டைப் புற்றிலிருந்து எடுத்த திசுவை வளர்த்தபோது அவர்கள் எதிர்பாராத வேறொரு வைரஸைக் கண்டனர். அசோங், மான்செல், எப்ஸ்டைன், கிளிஃபர்டு ஆகிய நால்வரும் 1971இல் அதை வெளியிட்டனர்.

அக்கட்டுரையின் தலைப்பு மிகக் கவனமாக அமைக்கப்பட்டது. மனித மூக்குத்தொண்டைப் புற்றிலிருந்து பெற்ற செல் வளர்ப்பில் கண்ட ஓர் அசாதாரண வைரஸ் என்பதே அதன் பொருள். அங்கே ‘மனித’ என்ற சொல் புற்றுக்கு அடையாக நிற்கிறது; வைரஸுக்கு அடையாக இல்லை. வைரஸுக்கு உரிய அடை ‘அசாதாரண’ என்பது மட்டுமே. கிடைத்த இடம் செல் வளர்ப்பு. அவ்வளர்ப்பின் மூலம் ஒரு நோயாளி. கண்டவர்கள் இதற்குமேல் தலைப்பில் எதையும் கூறவில்லை.

ஆய்விதழ்களில் நீண்ட தொடர் நிலைக்காது, சுருக்கம் வேண்டும். சில ஆண்டுகளில் அது ‘மனித சின்சிடியல் வைரஸ்’, ‘மனித நுரை வைரஸ்’, ‘மனித ஸ்பூமா ரெட்ரோ வைரஸ்’ என மூன்று பெயர்களில் வழங்கியது. மூன்றிலும் ‘மனித’ வைரஸுக்கு அடையாகிவிட்டது. தொடர் தொகையானபோது இடத்தைக் காட்டிய உருபு உதிர்ந்தது.

4. மறைந்த உருபு

தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இந்நிகழ்வு புதிதன்று. வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்கும். எந்த உருபு என்பதை நம் உலகறிவே நிரப்புகிறது. ‘குரங்கு வால்’ என்றால் குரங்கினது வால்: ஆறாம் வேற்றுமை, உடைமைப் பொருள். ‘மலைக்குரங்கு’ என்றால் மலையில் வாழும் குரங்கு: ஏழாம் வேற்றுமை, இடப்பொருள், ‘வாழும்’ என்ற பயனும் உடன் தொக்கது. ‘பூச்சி மருந்து’ என்றால் பூச்சிக்குப் பகையான மருந்து: நான்காம் வேற்றுமை. அதன் பொருள்களுள் பகையும் ஒன்று என நன்னூல் வகுத்திருக்கிறது.

‘மனித நுரை வைரஸ்’ என்பதை இம்மூன்று வகையிலும் விரிக்கலாம். மனிதரில் கண்ட நுரை வைரஸ். மனிதரது நுரை வைரஸ். மனிதருக்குப் பகையான நுரை வைரஸ். 1971இல் கையிலிருந்த சான்று முதல் விரிவுக்கு மட்டுமே உரியது. அதுவும் ஒரே ஒரு நோயாளியிடமிருந்து. ஆனால் பெயரைப் படித்தவர்கள் இரண்டாம் விரிவை இயல்பாக ஏற்றனர். மனிதரது வைரஸ் என்றால் அது மனிதரிடையே பரவிக்கொண்டிருக்க வேண்டும். பரவுகிறதென்றால் எங்காவது நோய் செய்ய வேண்டும். இவ்வாறு ஏழாம் வேற்றுமைச் சான்று ஆறாம் வேற்றுமைப் பெயராகி, நான்காம் வேற்றுமைத் தேடலில் முடிந்தது.

பெயரே எல்லாவற்றையும் செய்தது என்று நான் வாதிடவில்லை. எதிர்க்குரல்களும் இருந்தன. இந்த வைரஸ் சிம்பன்சியின் நுரை வைரஸ்களை எதிர்ப்பொருள் அடிப்படையில் நெருங்கி ஒத்திருக்கிறது என்பதைக் கஜ்டுசெக், கிப்ஸ் முதலியோர் அடங்கிய குழு 1978இலேயே காட்டியிருந்தது. சான்று இருந்தும் பெயர் மாறவில்லை. பெயர் மாறாததால் கேள்வியும் மாறவில்லை.

5. நோயைத் தேடிய காலம்

1980இல் எச்.டி.எல்.வி. 1, 1983இல் எச்.ஐ.வி. என அடுத்தடுத்து மனித ரெட்ரோ வைரஸ்கள் அறியப்பட்டதும் இத்தேடல் வேகம் பெற்றது. ரெட்ரோ வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அதை நம் மரபுப்பொருளிலேயே பதித்துவிடும். தொற்று வாழ்நாள் முழுதும் நீடிக்கும். காரணம் தெரியாத நாள்பட்ட நோய்களுக்கெல்லாம் ஒரு மறைந்த ரெட்ரோ வைரஸ் காரணமாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு அந்நாளில் வலுவாக இருந்தது. 1987இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ரோல்ஃப் ஃப்ளூகல் குழுவினர் ‘மனித’ நுரை வைரஸின் மரபணுப் பகுதிகளை வரிசைப்படுத்தியதால் சோதனைக் கருவிகளும் எளிதாகக் கிடைத்தன.

தைராய்டைத் தாக்கும் கிரேவ்ஸ் நோய், டி கெர்வேன் தைராய்டு அழற்சி, மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச்சோர்வு நோய் ஆகியவற்றோடெல்லாம் இந்த வைரஸ் தொடர்புபடுத்தப்பட்டது. 1991இல் இதன் மரபணுக்கள் புகுத்தப்பட்ட எலிகளுக்கு மூளையும் தசையும் சிதைந்தன என்ற ஆய்வு ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. அது செம்மையான ஆய்வே. ஆனால் வைரஸின் மரபணு ஒன்றைச் செயற்கையாக ஒரு விலங்கின் செல்களில் இயக்குவது வேறு; இயற்கையான தொற்றால் நோய் வருவது வேறு. இந்த இடைவெளி பலரது மேற்கோள்களில் மறைந்துபோனது.

நோய்த் தொடர்புகள் பெரும்பாலும் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் சோதனைகளை நம்பியவை. அத்தகைய ஒற்றைச் சோதனையில் தொடர்பில்லாத எதிர்ப்பொருளும் ஒட்டிக்கொண்டு பொய்யாக ‘உண்டு’ எனக் காட்டக்கூடும். 1995இல் ஷ்வைட்சர் முதலியோர் குரங்குகள், தற்செயலாகத் தொற்றிய மனிதர், பொதுமக்கள் ஆகியோரின் மாதிரிகளை ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளால் சோதித்தனர். குரங்குகளிடமும் தற்செயலாகத் தொற்றியவர்களிடமும் எல்லா முறைகளும் ஒத்த விடை தந்தன. பொதுமக்களிடமும் சந்தேகிக்கப்பட்ட நோயாளிகளிடமும் தொற்று உறுதிப்படவில்லை. 1996இல் பல நாட்டு மக்களின் இரத்த மாதிரிகளில் நடந்த மற்றோர் ஆய்வும் இதே முடிவுக்கு வந்தது.

6. திருத்தம்

1994இல் ஹெர்ஹென்ரோடர் முதலியோர் சிம்பன்சிகளிடமிருந்து நுரை வைரஸ்களைப் பிரித்து, முழு வரிசையையும் வெளியிட்டனர். ‘மனித’ நுரை வைரஸ் அவற்றை மிக நெருங்கி ஒத்திருந்தது. பின்வந்த ஒப்பீடுகள் அதைக் கிழக்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சித் துணையினத்தின் வைரஸ்களோடு சேர்த்தன. நோயாளி கென்யர் என்பதோடு இது பொருந்துவதால், அவருக்கே சிம்பன்சியிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்பது இன்று வலுவான விளக்கம். அவருடைய புற்றுக்கு இந்த வைரஸ் காரணம் என்பதற்குச் சான்றில்லை.

பெயர் மாற்றம் உடனே நிகழவில்லை. முதலில் ‘முன்மாதிரி நுரை வைரஸ்’ என்று வழங்கினர். 2018இல் முன்வைக்கப்பட்ட புதிய பெயரிடும் முறை, இயல்பான ஓம்புயிரியை முன்னும் எவரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்பதைப் பின்னும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கிறது. அதன்படி இது சிம்பன்சியின் வைரஸ். ‘மனிதரிடம் எடுத்தது’ என்பது பின்னொட்டு. இலக்கணத்தார் மொழியில் சொன்னால், ஆறாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது.

7. மனிதரில் உண்மையாகவே கண்டவை

‘மனித’ வைரஸ் இல்லை என்று தெளிந்தபின்தான் மனிதத் தொற்றுகள் பற்றிய நம்பகமான அறிவு தொடங்கியது. 1998இல் வாலித் ஹெனைன் முதலியோர், குரங்குகளோடு தொழில்முறையில் பழகிய 231 பேரைச் சோதித்து நால்வரிடம் குரங்கு நுரை வைரஸ் தொற்றை உறுதி செய்தனர். 2004இல் நேதன் உல்ஃப் முதலியோர் காமரூனில் காட்டுக் குரங்குகளின் இரத்தத்தோடும் இறைச்சியோடும் தொடர்புடைய 1,099 பேரைச் சோதித்தபோது 10 பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. அவர்களுள் மூவரின் வைரஸ் வரிசைகள் மூன்று வெவ்வேறு விலங்குகளைச் சுட்டின. அவற்றுள் ஒன்று கொரில்லா.

ஆசியாவில் முதற்சான்று கோயிலிலிருந்து வந்தது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் சங்கே என்னுமிடத்துக் குரங்குக் கோயிலைச் சுற்றி வாழ்ந்தோர், உழைத்தோர் ஆகிய 82 பேரை லீசா ஜோன்ஸ்–எங்கல் முதலியோர் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டனர். ஒருவருக்குத் தொற்று இருந்தது. அவர் ஓர் உழவர்; குரங்கு கடித்ததும் கீறியதும் நினைவிருந்தவர். அதே ஆய்வாளர்கள் 2008இல் தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளில் 305 பேரைச் சோதித்து 8 பேரிடம், அதாவது 2.6 விழுக்காட்டினரிடம், தொற்றை உறுதி செய்தனர். குரங்காட்டம், வீட்டு வளர்ப்பு, கோயில் வழிபாடு எனத் தொடர்பின் வகைகள் பல.

இந்த இடத்தில் நம் ஊரை நினைக்காமல் இருக்க முடியாது. தம்பானூரில் ரயில் ஏறி வடக்கே கொல்லத்தைக் கடந்தால் சாஸ்தாம்கோட்டை. அங்குள்ள சாஸ்தா கோயிலின் நாட்டுக்குரங்குகள் புகழ்பெற்றவை. கோயிலை அண்டி வாழும் கூட்டம் ‘அம்பலக் குரங்கு’ என்றும், அங்கிருந்து விலக்கப்பட்டுக் கடைத்தெருவில் திரியும் கூட்டம் ‘சந்தைக் குரங்கு’ என்றும் வழங்கப்படுகின்றன. இவையும் ஏழாம் வேற்றுமைத் தொகைகளே: அம்பலத்தில் வாழ்பவை, சந்தையில் வாழ்பவை. குரங்கு எந்த இடத்தில், எந்த மனிதரோடு, எவ்வகைத் தொடர்பில் வாழ்கிறது என்பதை இப்பெயர்கள் துல்லியமாகப் பதிவு செய்கின்றன. தொற்றியல் ஆய்வாளர் முதலில் கேட்கும் தகவலும் அதுவே. பழனி, அழகர்கோவில், திருப்பரங்குன்றம் என்று தமிழ்நாட்டிலும் இத்தகைய இடங்களுக்குக் குறைவில்லை.

8. தீங்கில்லை என்பதன் எல்லை

தொற்றிய மனிதர்களுக்கு என்ன ஆகிறது? இதுவரை அறியப்பட்டவர்களிடம் நுரை வைரஸால் உண்டான குறிப்பிட்ட நோய் எதுவும் நிறுவப்படவில்லை. அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர்களைச் சோதித்தபோது தொற்று காணப்படவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதற்குச் சான்று இல்லை.

குரங்குகளிடம் தீங்கின்மைக்கு ஒரு விளக்கமும் உண்டு. 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, இந்த வைரஸ் பெருகுவது வாயின் உட்புறத் தோலில், விரைவில் உதிர்ந்துபோகும் மேற்படலச் செல்களில் என்று காட்டியது. எப்படியும் உதிரவிருக்கும் செல்லைக் கொல்வதால் உடலுக்கு இழப்பில்லை. உமிழ்நீரில் கலப்பதால் வைரஸுக்கு வழி கிடைக்கிறது. குழாயில் செல்களை நுரைக்கவைத்துக் கொன்ற அதே வைரஸ் உடலில் அமைதியாக இருப்பதன் புதிர் இவ்வாறு ஓரளவு விடுபட்டது. 2005இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஒப்பீடு, குரங்கினங்களும் அவற்றின் நுரை வைரஸ்களும் குறைந்தது 3 கோடி ஆண்டுகளாகச் சேர்ந்தே பிரிந்து வளர்ந்தன என்று மதிப்பிட்டது. நீண்ட உறவில் இருவரும் ஒத்துப்போயினர் எனலாம்.

ஆனால் அந்த 3 கோடி ஆண்டு உடன்பாடு குரங்குக்கும் அதன் வைரஸுக்கும் இடையிலானது. மனிதர் அதில் பங்குகொள்ளவில்லை. எச்.ஐ.வி. 2இன் மூல வைரஸ் சூட்டி மங்காபே என்னும் ஆப்பிரிக்கக் குரங்குகளிடம் பெரும்பாலும் நோய் செய்வதில்லை; மனிதரிடம் வந்தபின் எய்ட்ஸை உண்டாக்கிற்று. 2018இல் பிரெஞ்சு, காமரூன் ஆய்வாளர்கள் நுரை வைரஸ் தொற்றிய 24 பேரைத் தொற்றில்லாத 24 பேரோடு ஒப்பிட்டபோது, தொற்றியவர்களின் ஹீமோகுளோபின் அளவு குறைவாக இருந்தது. இதனால் வைரஸே காரணம் என்று முடிந்துவிடாது; சிறிய எண்ணிக்கை, ஒரே பகுதி. எனினும் பின்தொடர வேண்டிய குறிப்பு இது. ரீசஸ் குரங்குகளில் இரத்தம் ஏற்றுவதன் மூலம் இவ்வைரஸைக் கடத்த முடியும் என்று 2006இல் காட்டப்பட்டது. குரங்குகளைத் தொழில்முறையில் கையாள்வோரிடம் இரத்ததானம் பெறுவதைக் கனடா தவிர்த்ததற்குப் பின்னணி இத்தகைய கவலையே.

9. பகையின்மையின் பயன்

நுரை வைரஸ் மனித நலத்துக்குத் தந்த மிகப் பெரிய பங்களிப்பு நோய்த் தேடலில் கிடைக்கவில்லை. எச்.ஐ.வி. தன் டி.என்.ஏ.வை நம் மரபுப்பொருளில் பதிக்க உதவும் நொதி இன்டகிரேஸ். அதன் முழு வடிவத்தைப் படிகமாக்கிக் காண்பது பல்லாண்டுகளாகக் கைகூடவில்லை. நுரை வைரஸின் இன்டகிரேஸ் எளிதில் கரைந்து படிகமாகும் தன்மையுடையது. 2010இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பீட்டர் செரெபனோவ் குழுவினர் அந்த நொதி டி.என்.ஏ.வோடு இணைந்து நிற்கும் வடிவத்தை வெளியிட்டனர். ரால்டெகிராவிர் முதலிய மருந்துகள் எங்கே பொருந்தி நொதியை முடக்குகின்றன என்பது அதில் தெளிவாயிற்று. டோலுடெகிராவிர் எதிர்ப்புத்திறன் கொண்ட வைரஸ்களிடமும் ஏன் வேலை செய்கிறது என்பதையும் அதே வடிவத்தைக்கொண்டு விளக்கினர். இன்று இந்திய அரசின் எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டத்தில் வழங்கப்படும் முதன்மை மருந்துக்கலவையில் டோலுடெகிராவிர் இடம்பெறுகிறது.

மரபணு சிகிச்சையிலும் இந்த வைரஸுக்கு இடமுண்டு. நோய் செய்யாமை, பெரிய மரபணுவையும் சுமக்கும் திறன் ஆகிய இரண்டும் இதைத் தகுந்த ஊர்தியாக்கின. வெள்ளணுக்களின் பிறவிக் குறைபாடு கொண்ட நாய்களை நுரை வைரஸ் ஊர்தியால் குணப்படுத்திய ஆய்வு 2008இல் வெளியாயிற்று. பகையைத் தேடிய காலத்தில் வீண் என்று தோன்றிய ‘நோயின்மை’ இங்கே மூலதனமாக மாறிற்று.

10. இப்போது கேட்க வேண்டியது

இந்த வரலாறு ஆய்வு மாணவர்களுக்குத் தரும் பாடம் எளிமையானது. ஒரு தொகைச்சொல்லை ஏற்பதற்கு முன் அதை விரித்து எழுதிப் பார்க்க வேண்டும். ‘குரங்கு வைரஸ்’, ‘வௌவால் வைரஸ்’, ‘மனித வைரஸ்’ என்று எழுதும்போது எந்த உருபுக்கு நம்மிடம் சான்று இருக்கிறது? கண்ட இடத்துக்கா, உரிமைக்கா, பகைக்கா? நிபா, கோவிட் காலங்களில் கேரளச் செய்தித்தாள்களைப் படித்தவர்களுக்கு இக்கேள்வியின் எடை தெரியும். வௌவாலில் கண்ட வைரஸ் என்பது வௌவாலே பகை என்றாகி, மரங்களை வெட்டச் சொன்ன குரல்களும் எழுந்தன.

குரங்குகளைப் பொறுத்தும் அதே நிதானம் வேண்டும். நுரை வைரஸைக் காரணம் காட்டிக் கோயில் குரங்குகளை விரட்டுவதற்கு அறிவியலில் இடமில்லை. குரங்கு கடித்தால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவது, தாமதமின்றி மருத்துவரிடம் செல்வது, வெறிநோய்த் தடுப்பூசியும் தேவையானால் டெட்டனஸ் ஊசியும் போடுவது ஆகியவையே உயிர் காப்பவை. இவற்றில் மாற்றமில்லை.

எனினும் ஊசி போட்டதோடு கதை முடிந்துவிடுவது வரலாற்று நோக்கில் ஓர் இழப்பு. உலகின் நுரை வைரஸ் ஆய்வு தொடங்கியது பெருமளவில் இந்தியக் குரங்குகளின் செல்களால். மனிதத் தொற்று பற்றிய ஆசியச் சான்றுகளோ பாலி போன்ற இடங்களிலிருந்து வந்தவை. நம்மிடம் கோயில்கள் உண்டு, குரங்குகள் உண்டு, கடிபட்டு மருத்துவமனைக்கு வருவோர் உண்டு. தோன்னய்க்கலில் வைரஸ் ஆய்வுக்கென்றே ஒரு மாநில நிறுவனமும் உண்டு. கடித்த குரங்கின் இனம், இடம், காயத்தின் ஆழம் ஆகியவை சிகிச்சைப் பதிவேட்டில் ஏறினாலே முதற்படி ஆகிவிடும். கோயில் ஊழியர்கள், கடைக்காரர்கள், வனத்துறைப் பணியாளர்கள் ஆகியோரின் இசைவோடு, ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளால் சோதிக்கும் நீண்டகால ஆய்வு அடுத்த படி. அந்த ஆய்வில் ஒருவரிடம் தொற்று கிடைத்தாலும் அதற்கு ‘மனித’ என்றோ, கோயிலின் பெயராலோ, ஊரின் பெயராலோ பெயர் சூட்ட வேண்டியதில்லை. ‘நாட்டுக்குரங்கின் நுரை வைரஸ், மனிதரில் கண்டது’ என்று உருபுகளை விரித்தே எழுதலாம். இரண்டு சொல் கூடும். இருபது ஆண்டு மிஞ்சும்.

தமிழில் ‘நுரை வைரஸ்’, ‘நுரை நச்சுயிரி’, ‘நுரைத் தீநுண்மி’ என மூன்று ஆக்கங்கள் இயல்கின்றன. ‘நச்சு’, ‘தீ’ இரண்டும் பகைப்பொருளை முன்கூட்டியே ஏற்றிவிடுவதால் இக்கட்டுரை முழுதும் ‘நுரை வைரஸ்’ என்றே எழுதியிருக்கிறேன். மருத்துவத் தமிழில் பணியாற்றுவோர் இதைப் பற்றிக் கூறும் கருத்துகளை, குறிப்பாக மாற்றுக் கருத்துகளை, எதிர்நோக்குகிறேன்.